குதிகாலுக்கு மேல ஒரு "கட்டி"

1/ உடம்புல எங்க வீக்கம் வந்தாலும் நம்ம மனசு முதல்ல போற இடம் கேன்சர்தான். ஆனா சில வீக்கம் கட்டியே கிடையாது, பிறவியிலேயே கூடுதலா அமைஞ்ச தசை. அப்படி ஒண்ணைப் பத்தி இந்தத் த்ரெட்.

2/ போன வருஷம் ஓபி-க்கு 19 வயசுத் தம்பி ஒருத்தர் அம்மாவோட வந்தார். காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுறவர். கணுக்காலின் உள்பக்கம், குதிகாலுக்குக் கொஞ்சம் மேல வீக்கம். ஓடினா வலி, உட்கார்ந்தா சரியாகிடும். வெளியில எங்கயோ "சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்"னு சொல்லியிருக்காங்க. அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "காலை எடுத்துடுவாங்களா டாக்டர்?"

3/ தம்பியை எக்கி, நுனிக்காலில் நிக்கச் சொன்னேன். வீக்கம் புடைச்சு இறுகிச்சு. காலைத் தளர்த்தினதும் மெத்துன்னு ஆயிடுச்சு. இது தசையோட குணம்.

4/ குதிகாலுக்குப் பின்னால கயிறு மாதிரி தட்டுப்படுமே, அது அக்கிலிஸ் தசைநாண். கெண்டைக்கால் தசைகள் அதன் வழியாத்தான் குதிகால் எலும்பைப் பிடிக்குது. அதுல ஒண்ணு சோலியஸ். சிலருக்கு இன்னொரு தசையும் அக்கிலிஸுக்கு முன்னால கணுக்கால் வரை இறங்கியிருக்கும். பேரு அக்சசரி சோலியஸ்.

5/ பிறவியிலேயே இருக்கிறது ஏன் பத்தொன்பது, இருபது வயசுல தெரியுது? அப்பதான் தசை திரளுது, ஓட்டமும் விளையாட்டும் கூடுது. ஓடும்போது தசை உப்பும், ஆனா மேல மூடியிருக்கிற உறை அந்த அளவுக்கு விரியாது. உள்ள அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் குறையறதுதான் வலிக்கு ஒரு காரணம். பக்கத்துல போற டிபியல் நரம்பை அழுத்தினா உள்ளங்கால் மரத்துப்போகும், எரியும்.

6/ உறுதி செய்ய எம்ஆர்ஐ. மத்த தசைகள் எப்படித் தெரியுதோ அதே மாதிரி இதுவும் தெரியும். தெரிஞ்சா பயாப்ஸி தேவையில்லை. வலி இல்லைன்னா வைத்தியமே வேண்டாம். இருந்தா ஓட்டத்தைக் குறைச்சு பிசியோதெரபி. அதுக்கும் கேக்கலன்னாதான் ஆபரேஷன்: உறையைப் பிளந்து விடுறது, இல்லை தசையையே எடுக்கிறது.

7/ தம்பிக்கும் எம்ஆர்ஐ-ல இதேதான். அந்த வருஷத் தேர்வு கைவிட்டுப் போச்சு. கால்ல கத்தி படலை.

8/ இதைப் படிச்சுட்டு எல்லா வீக்கமும் தசைதான்னு விட்டுடாதீங்க. வேகமா வளருது, கல்லு மாதிரி இருக்கு, ராத்திரி தூங்கவிடாம வலிக்குதுன்னா உடனே காட்டுங்க. எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

9/ ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளுக்கு: புத்தகத்துல இருக்கிற கால் வேற, முன்னால நிக்கிற கால் வேற. பயாப்ஸின்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை எக்கி நிக்கச் சொல்லிப் பாருங்க. காசு செலவே இல்லாத டெஸ்ட்.