அணைக்கரையும் ஆகாய மார்க்கமும்

சென்ற மார்கழி விடுமுறையில் நாம் ஸ்ரீவைகுண்டம் சென்றிருந்தோம். கள்ளப்பிரானைத் தரிசித்துவிட்டு, மாலையில் அணைக்கட்டுக்கு நடந்தோம். தாமிரபரணியின் எட்டு அணைகளில் இதுவே கடைசி. இதன் வடகாலும் தென்காலும் பெருங்குளம், கடம்பாகுளம் முதலியவற்றை நிரப்புகின்றன. நீர் உள்ளவிடத்தில் பக்ஷிகளுக்குக் குறைவேது? கொக்கும் நாரையும் அரிவாள்மூக்கனும் வயலெங்கும் மேய்ந்துகொண்டிருந்தன.

அவ்வமயம் வடகிழக்கே, வாகைக்குளம் நிலையத்தினின்று கிளம்பிய ஆகாய விமானமொன்று வெள்ளிப் பொட்டாய்த் தென்பட்டது.

"ஸார், கொக்கு அதன்மேல் மோதினால்?" என்றான் உடன் வந்த மாணாக்கன்.

மோதத்தான் செய்கிறது! 1905-லேயே ஆர்வில் ரைட்டின் விமானம் ஒரு பறவையை அடித்தது. 1912-ல் கால் ரோட்ஜர்ஸ் என்ற அமெரிக்கர், கடற்காகம் மோதியதால் விழுந்து மாண்டார். இக்காலத்து யந்திரமோ காற்றை வெகு வேகமாய் உள்ளிழுப்பது. அதனுடன் பக்ஷியும் போய்விட்டால் சுழலும் தகடுகள் வளையும், உடையும். புறப்படும் நேரமே பொல்லாதது. பறவைகள் பறப்பதும் அந்தத் தாழ்ந்த உயரத்தில்தான். ஒரு வேகத்தைத் தாண்டியபின் நிறுத்த முயன்றால் ஓடுபாதை போதாது. எஞ்சிய யந்திரத்தைக் கொண்டு மேலெழுந்து, சுற்றி வந்து இறங்கவேண்டியதே. 2022 ஜூன் 19-ல் பாட்னாவில் விமானி அவ்வாறே செய்து எல்லோரையும் காத்தார். 2009-ல் நியூயார்க்கில் வாத்துக்கூட்டம் இரு யந்திரங்களையும் கெடுத்துவிட, ஹட்ஸன் நதியிலேயே விமானத்தை இறக்கினர். 155 பேரும் பிழைத்தனர்.

திரும்பும் வழியில், வாய்க்கால் கரையில் துர்நாற்றம் மூக்கைத் துளைத்தது. கோழிக் குடலும் இறகுமாக ஒரு குவியல். மேலே பருந்துகள் வட்டமிட்டன.

"ராத்திரியோட ராத்திரியா கொட்டிட்டுப் போயிருதாவ ஐயா," என்றார் வயலுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர்.

1937-ஆம் வருஷத்து இந்திய விமான விதிகளில் 91-ஆவது, நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பையைக் கொட்டுவதையும், மிருகங்களை அறுத்துத் தோலுரிப்பதையும் தடுத்தது. ஸ்ரீவைகுண்டம் அவ்வெல்லைக்கு வெளியே இருக்கிறது. பருந்துக்கு எல்லைக்கல் ஏது? கொக்கும் நாரையும் குளத்துப் பிரஜைகள். அவற்றை விரட்ட யாருக்கும் உரிமையில்லை. இக்குவியலோ நாமே வைத்த விருந்து.

"குழி வெட்டிப் புதைத்தால் தென்னைக்கு உரமாகுமே!" என்றோம்.

"நாளைக்கு மம்பட்டி கொண்டாரேன்," என்றார் பெரியவர்.

மாணாக்கன் அண்ணாந்து பருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தான். பதினேழு என்றான்.