தண்டவாளத்தின் கீழ் ஒரு கட்டை அடுக்கு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கிச் சென்ற பின்னர், மலையகப் புகையிரதப் பாதையின் நிழற்படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. மண் சரிந்துபோன இடங்களில் தண்டவாளங்கள், தம்மோடு பிணைக்கப்பட்ட சிலிப்பர்க் கட்டைகளையும் சுமந்துகொண்டு நூலேணி போல் அந்தரத்தில் தொங்கின. கண்டோர் பலரும் அழிவின் பருமையை எண்ணி வருந்தியிருப்பர். எனக்கோ, 1993ஆம் ஆண்டில் அதே பாதையின் ஓரத்தில் நான் கழித்த பன்னிரண்டு நாட்களும், அங்கே ஒரு குறிப்பேட்டில் நான் எழுதிய ஒரு சொல்லும் நினைவுக்கு வந்தன.

அப்போது நான் பேராதனையில் பொறியியல் மாணவன். 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஓரிடத்துக்குப் பயிற்சியின் பொருட்டு அனுப்பப்பட்டிருந்தேன். அடைமழையில் பழைய மதகொன்றின் பள்ளத்தாக்குப் பக்கச் சுவர் இடிந்து, அதன் பின்னிருந்த மண்மேடும் வழிந்து போயிருந்தது. புதிய மதகு கட்டி முடியும் வரை வண்டிகளை நிறுத்திவைக்க இயலாது. ஆகவே பாதையைத் தற்காலிகமாகத் தாங்கி நிறுத்தவேண்டியிருந்தது.

இதற்குப் பொறியியல் அறிந்த வழி மிகப் பழையது. ஒன்பதடி நீளமும் பத்தங்குல அகலமும் ஐந்தங்குலத் தடிப்பும் உள்ள சிலிப்பர்க் கட்டைகளை, ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் மாறிமாறி அடுக்கித் தூணாக எழுப்புவர். இடைவெளியின் இருபுறத்தும் அத்தகைய அடுக்குகள் நிற்க, அவற்றின்மேல் பழைய தண்டவாளங்களைக் கட்டாகப் பிணைத்துப் பாலமாக இடுவர். அக்கட்டுகளின்மேல் பாதை கிடக்கும். கட்டைக்கும் இரும்புக்கும் இடையில் எஞ்சும் வெளியை வைர மரத்தாலான ஆப்புகளால் இறுக்குவர். ஏறத்தாழ 80 தொன் நிறையுள்ள எஞ்சினும் அதன் பின்னால் நூற்றுக்கணக்கான பயணிகளும் அந்த ஆப்புகளை நம்பியே கடந்து செல்வர்.

காகிதத்தில் கணக்குப் பார்த்தபோது எனக்கு யாதொரு ஐயமும் எழவில்லை. மரம் தாங்கக்கூடிய அழுத்தத்தின் ஒரு சிறு பங்கே அதன்மேல் விழுந்தது. ஆனால் மரம் தன் நாரின் வழியே தாங்கும் சுமையை நாருக்குக் குறுக்கே தாங்குவதில்லை. கட்டை அடுக்கிலோ எல்லாக் கட்டைகளும் குறுக்கேதான் நசுக்கப்படுகின்றன. அத்துடன், ஆறடி உயர அடுக்கில் பதினான்கு வரிசைகள் உண்டு. ஒவ்வொரு வரிசையும் ஓர் அங்குலத்தின் பதினாறிலொரு பங்கு மட்டும் அமிழ்ந்தால், மேலே முக்கால் அங்குலத்துக்கும் மேல் தாழ்ந்துவிடும். அடியிலுள்ள ஈரமண் இறங்குவது தனிக் கணக்கு. ஆதலால் இத்தகைய தாங்கியை அமைத்துவிட்டு அகன்றுவிட முடியாது. ஒவ்வொரு வண்டியும் சென்ற பின் ஆப்புகளைத் தட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்கி, நசுங்கியவற்றை மாற்ற வேண்டும். தற்காலிகம் என்னும் அடைமொழியைக் கேட்டு அதனை எளிய வேலை என்று நான் எண்ணியிருந்தேன்!

அங்கிருந்த பாதைத் தொழிலாளரின் கங்காணி, அறுபதை அண்மித்த ஒரு மலையகத் தமிழர். முதல் நாள் என்னைச் 'சேர்' என்றே விளித்தார். சுத்தியலால் ஆப்பைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அதன் இறுக்கத்தைச் சொல்லிவிடுவார். இறுகிய ஆப்பு கணீரென்னும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஒரே வேளையில் இரண்டு ஆப்புகளைக் கழற்ற எவரையும் விடமாட்டார். எனக்கு இடப்பட்ட பணி, வண்டி சென்றபின் கயிறு பிடித்துத் தண்டவாளத்தின் மட்டத்தை அளந்து குறிப்பேட்டில் பதிவதாகும்.

ஒரு மாலை தேநீர் அருந்துகையில் அவர் வடபகுதிப் பாதையைப் பற்றிக் கேட்டார். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றபின், தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் பயன்பட்டதையும், அத்தகைய குழியொன்றில் தலைக்குமேல் சிலிப்பர்க் கட்டைகளைப் பார்த்தபடி நானே இருந்ததையும் கூறினேன். அவர் அனுதாபம் எதுவும் தெரிவிக்கவில்லை. "முழுக்கட்டையா, அறுத்ததா? குழி எத்தனை அடி அகலம்? மேலே எவ்வளவு மண் போட்டீங்க?" என்று வினவினார். நான் சொன்ன அளவுகளை மனத்துள் கணித்துவிட்டு, "நடுவில ஒரு முட்டு கொடுத்திருக்கணும்" என்றார். அதுவரை எவரும் எங்கள் குழியை அத்துணை அக்கறையுடன் விசாரித்ததில்லை.

நிற்க. நான்கு நாட்களாக என் குறிப்பேட்டில் 'மாற்றமில்லை' என்றே எழுதி வந்தேன். ஐந்தாம் நாள் பொறுப்பதிகாரி அதனைப் புரட்டிப் பார்த்து, மணிக்கு 5 மைலாக இருந்த வேகக் கட்டுப்பாட்டை 10 மைலாகத் தளர்த்தினார். பள்ளத்தாக்குப் பக்க அடுக்கு இறங்குவதாகக் கங்காணி அதற்கு முன்னரே இரு தடவை சொல்லியிருந்தார். அளவு அவ்வாறு காட்டவில்லை என்று நான் மறுத்திருந்தேன்.

அன்று அந்திப் பொழுதில் வண்டியொன்று சென்ற பின் அவர் என்னை அழைத்தார். தீப்பெட்டியின் மேலுறையைத் தட்டையாக்கி, அடுக்கின் உச்சிக்கும் தண்டவாளக் கட்டுக்கும் இடையே செருகினார். அது தடையின்றி முழுவதும் உள்ளே சென்றது.

"வண்டி போன பிறகு தண்டவாளம் பொய் சொல்லும் தம்பி. வண்டி மேலே நிக்கிறப்போ பாருங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. தண்டவாளம் வளைந்து கொடுக்கும் உருக்கு. சுமை நீங்கியதும் அது தன் பழைய மட்டத்துக்கு மீள்கிறது. அடுக்கோ இறங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் இடையே வெறும் வெளி உண்டாகிறது. நான் நான்கு நாட்களாக, தாங்குவதற்கு ஏதுமின்றி நின்ற இரும்பின் மட்டத்தைத் துல்லியமாக அளந்து வந்திருக்கிறேன். நீரை வெளியேற்ற வெட்டிய கான் அடைபட்டு, மழைநீர் அடுக்கின் ஒரு மூலையின் கீழ் ஊறியிருந்தது.

இரவுத் தபால் வண்டி வரவிருந்தது. அவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. இருவரைச் சிவப்பு விளக்குகளோடு பாதையின் இருபுறமும் ஓடச் செய்தார். வண்டி சற்றுத் தொலைவில் நின்றது. பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் ஜாக்கியால் தண்டவாளக் கட்டை உயர்த்தி, கானைத் திறந்து நீரை வடித்து, இறங்கிய மூலையில் கருங்கல் இடித்து நிரப்பி, நசுங்கிய கட்டைகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினார்கள். பாலை மரக் கட்டை எத்துணைப் பாரம் என்பதைத் தோள் கொடுத்தபோது அறிந்தேன். பின்னர் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் கடந்தது. யன்னலோரத்தில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. நான் அடுக்கின் பக்கத்தில் அமர்ந்து, இம்முறை வண்டி மேலே நிற்கும்போது அளந்தேன்.

மறுநாள், வண்டி தாமதமானது குறித்து விளக்கம் கோரப்பட்டது. பொறுப்பதிகாரி என் குறிப்பேட்டைக் கேட்டார். அதை ஒப்படைக்குமுன் முதல் நாளைய பதிவின் கீழ், 'மழையினால் அடுக்கு சடுதியாக இறங்கிற்று' என்று எழுதினேன். மழை பெய்தது உண்மை. அடுக்கு இறங்கியதும் உண்மை. 'சடுதியாக' என்ற சொல் மட்டும் என்னுடையது. அச்சொல்லால் என் நான்கு நாளைய 'மாற்றமில்லை' காப்பாற்றப்பட்டது. கங்காணி இரு தடவை எச்சரித்தது எந்தப் பதிவிலும் இல்லாமற் போயிற்று. அனுமதியின்றி வண்டியை நிறுத்தியமைக்காக அவரிடம் எழுத்தில் விளக்கம் பெறப்பட்டது. அதனையும் அவர் என்னிடமே எழுதுவித்தார். நான் எழுதி வாசித்துக் காட்ட, கேட்டுத் தலையசைத்துவிட்டு ஒப்பமிட்டார். அவ்விளக்கத்திலும் 'சடுதியாக' என்றே எழுதினேன். அச்சொல்லை வாசித்தபோது அவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்ததாக எனக்குத் தோன்றிற்று. எஞ்சிய நாட்களிலும் அவர் என்னைத் 'தம்பி' என்றே அழைத்தார். ஆப்பின் ஓசையை அறியும் வித்தையையும் கற்பித்தார்.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டு வந்தபோது, நிலையத்தில் கூடியிருந்தோருள் நானும் ஒருவன். புதிய பாதையில் கொங்கிறீற்றுச் சிலிப்பர்கள் ஒரே சீராகக் கிடந்தன. அவரிடம் அதைக் கூறியிருந்தால் அவற்றின் நிறையையும் இடைவெளியையும் கேட்டிருப்பார். மலையகத்து மதகை அதன் பின்னர் பலமுறை வண்டியில் கடந்திருக்கிறேன். வண்டி அங்கே வேகம் குறைப்பதில்லை. இடத்தை அடையாளங் காண்பதற்குள் கடந்துவிடுகிறது. அடுக்கைப் பிரித்த நாளில் கட்டைகளை எண்ணி ஒப்படைக்கும் பட்டியலையும் நான்தான் எழுதினேன். நசுங்கிய இரண்டையும் அவர் தனியே வைக்கச் சொன்னார்.