புள்ளியும் துளையும்

எம் ஆசிரியர் விட்டுச்சென்ற ஓலைக்கட்டைச் செல் அரித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சிய ஏடுகளைக் கருந்துணிமேல் வைத்துப் படமெடுத்தோம். ஆக்டேவ் என்னும் கணித மென்பொருளைக் கொண்டு எழுத்தைப் பழுப்பிலிருந்து பிரிக்க முனைந்தோம். (அப்பெயரும் ஓர் ஆசிரியருடையதே: வேதிப்பொறியியல் பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீல்.) கருமைக்கும் வெண்மைக்கும் எல்லை வகுக்க 1979இல் ஓட்சு கண்ட முறை அதில் 'கிரேத்ரெஷ்' என்னும் கட்டளையாக உண்டு. அப்படியொரு கட்டளையே இல்லையென்று மூன்று இரவுகள் விடை வந்தது. படச்செயலாக்கத் தொகுப்பை நான்கு முறை நிறுவினோம். நிறுவினால் மட்டும் போதாதாம். மென்பொருளைத் திறக்கும்தோறும் 'பிகேஜி லோட் இமேஜ்' என்று அழைக்க வேண்டுமாம்!

அழைத்தோம். பழுப்பு விலகி எழுத்துகள் எழுந்தன. செல்லரித்த துளைகளும் உடன் கருத்து நின்றன. புள்ளியிடாது எழுதிய ஏட்டில் இப்போது எங்கும் மெய்யெழுத்துகள்.