முசுறு வேஷக்காரனின் வாய்

ஒரகடம் சிப்காட் பக்கம் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு கேமரா பையோடு சிலந்தியைப் படமெடுக்க மாமரத்தடிக்குப் போகிற கிறுக்கர்கள் எங்களில் சிலர் உண்டு. புதிதாக ஒட்டிக்கொள்ளும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த லென்ஸ் வாங்கலாம்?" 100 மி.மீ. மேக்ரோ இருந்தால் நல்லது. இல்லையா, ஜூம் லென்ஸ் முன்னால் ஒரு ரேனாக்ஸ் க்ளோசப் லென்ஸ் மாட்டினாலும் வேலை நடக்கும். சிலந்தியின் வாயை எடுக்க மெனக்கெட வேண்டியது ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசரில்தான்.

கண்களுக்குக் கீழே இரண்டு தடித்த கெலிசெராக்கள், அதாவது தாடைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் மடங்கும் விஷப்பல். முடி இல்லாத தாடை குரோம் பூச்சுப் போட்ட பார்ட் மாதிரி மின்னும். ஃப்ளாஷை நேராக அடித்தால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் ஸ்ரீபெரும்புதூரில் கல்யாண வீடியோ எடுத்தவர். டிரேசிங் பேப்பரை வளைத்து, ஃப்ளாஷிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கிறாற்போல ஒட்டுவார். அந்த இடைவெளியில்தான் சூட்சுமம். ஃப்ளாஷ் மேலேயே ஒட்டினால் வெளிச்சம் குறையும், மென்மையாகாது.

மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் விடாதீர்கள். ஒரு முசுறு இன்னொன்றைக் கவ்விக்கொண்டு போகிறதா? காலை எண்ணுங்கள். உணர்கொம்பு போல ஆட்டி ஏமாற்றும் முன்னங்காலையும் சேர்த்து எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது மிர்மப்ளாடா, முசுறு வேஷம் போட்ட தாவும் சிலந்தி, அதிலும் ஆண். கவ்விய எறும்பாகத் தெரிவது அதன் நீண்ட தாடை. நுனி கருத்துத் தடித்து எறும்புத் தலையாகவே நிற்கும். பெண்ணுக்கு இந்த நீளம் கிடையாது.

மற்ற தாவும் சிலந்திகளை முகத்துக்கு நேரே, சற்றுக் கீழிருந்து எடுப்போம். இதை அப்படி எடுத்தால் போச்சு. ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப் 11 வைத்தாலும் ஃபோகஸில் நிற்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கண்ணைப் பிடித்தால் தாடை நுனி கலங்கிவிடும். பக்கவாட்டில் போய், உடம்பும் தாடையும் சென்சாருக்கு இணையாக வரும்வரை பொறுக்க வேண்டும். எஃப் 16-ஐத் தாண்டினால் படம் முழுக்க மழுங்கும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். இடது கையால் கிளையைப் பிடித்து, லென்ஸ் முனையை அந்தக் கை மேலேயே வையுங்கள். கன்டெய்னர் லாரி கிளப்பும் காற்றில் கிளை ஆடினாலும் கேமராவும் சேர்ந்து ஆடும், தூரம் மாறாது. முசுறு கடிக்கும்தான்.

சிலர் சிலந்தியை ஃப்ரிட்ஜில் வைத்து மரக்கவைத்து எடுக்கிறார்கள். படம் துல்லியமாக வரும், ஆனால் சுருண்ட காலே காட்டிக்கொடுத்துவிடும். மிர்மப்ளாடாவின் பல்லைப் பார்க்க, இரண்டு ஆண்கள் எதிரெதிரே வருவது நல்ல வாய்ப்பு. அப்போது தாடையை இருபக்கமும் அகட்டி, மடக்கி வைத்த பல்லை முழுசாக நீட்டும். ஃப்ளாஷ் பவரை எட்டில் ஒரு பங்குக்குக் கீழே வைத்திருந்தால் அடுத்தடுத்து அடிக்கும். அவை விலகுவதற்குள் நாலைந்து ஃப்ரேம் தேறும்.