கூனன் குரிசும் சுப்கோனோவும்

ஆய்வின் பொருட்டு மட்டாஞ்சேரியில் தங்கியிருக்கும் இந்நாள்களில் செருக்கைப் பற்றியும் பணிவைப் பற்றியும் அதிகம் எண்ண நேர்கிறது. பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

தமிழில் சிலுவைக்கு இரு சொற்கள் உண்டு. 'சிலுவை' சிரியாக் மொழியின் 'ஸ்லீவா'விலிருந்து வந்தது. 'குருசு' போர்ச்சுக்கீசியர் தந்தது. மலையாளத்தில் ஸ்லீவா வழிபாட்டுக்குள் ஒதுங்கிவிட, அன்றாட வழக்கில் 'குரிசு' நிலைத்துவிட்டது. போர்ச்சுக்கீசிய மேலாண்மைக்கு எதிராக இவ்வூரில் செய்யப்பட்ட சத்தியத்தை, அவர்கள் விட்டுச்சென்ற சொல்லாலேயே 'கூனன் குரிசு சத்தியம்' என்று வழங்குகிறார்கள். மொழிக்குப் பகை தெரியாது போலும்.

நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1599இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கம் தோமா கிறித்தவர்களின் பழைய மரபுகளை லத்தீன் முறைக்குத் திருத்தியது. 1652இல் அகத்தள்ளா என்னும் கீழை நாட்டு ஆயர் மயிலாப்பூருக்கு வந்தபோது அவர் காவலில் வைக்கப்பட்டு, கப்பலில் கொச்சி வழியாகக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவரைக் காணவேனும் விடுங்கள் என்று கொச்சியில் திரண்ட மக்கள் வேண்டினர். மறுக்கப்பட்டது. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. இயேசு சபையைச் சேர்ந்த பேராயர் பிரான்சிஸ்கோ கார்சியா அம்மக்களை நேரில் கண்டு பேச முன்வரவில்லை. 1653 சனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் மக்கள் சிலுவையில் கயிறுகளைக் கட்டி, எட்டாதோர் கயிற்றைப் பற்றிக்கொண்டு, இனிக் கீழ்ப்படியோம் எனச் சத்தியம் செய்தனர். இழுவையில் சிலுவை வளைந்தது என்பது மரபு. வளைய வேண்டியவர் வளையாதபோது வளைந்தது சிலுவை.

அடக்குமுறைக்கு இணங்க மறுப்பது செருக்கு ஆகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பணிவு என்பது பெரும்பாலும் மேலிருப்போர் கீழிருப்போருக்குப் போதிக்கும் அறமாகவே இருந்துவந்துள்ளது. அந்தப் பணிவைப் பற்றி நான் எழுதவில்லை. என்னைத் தைப்பது வேறு. அந்தச் சத்தியம் மறுத்தது கார்சியாவை மட்டுமா, இயேசு சபையையா, உரோமையையே மறுத்ததா? அதன் வழித்தோன்றல்களான சபைகள் இதில் இன்றும் உடன்படவில்லை. ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு வாசகம் பிடித்திருக்கிறது. மூலபாட ஆய்வில் ஆர்வமுள்ளோருக்கு இது நல்ல பொருள். விசுவாசிகளுக்கு அத்துணை நல்லதன்று.

இனிச் சுப்கோனோவுக்கு வருகிறேன். மலங்கரைச் சபைகளில் பெருநோன்பின் முதல் திங்களன்று நிகழும் ஒப்புரவு வழிபாடு அது. குருவானவர் மக்களிடம் மன்னிப்பு வேண்டுகிறார், மக்கள் அவரிடம் வேண்டுகின்றனர், பிறகு ஒருவருக்கொருவர். இவ்வாண்டு அதில் கலந்துகொண்டேன். என் தாத்தாவின் வயதுள்ள பெரியவர் ஒருவர் என் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அதற்குமுன் நாங்கள் சந்தித்ததே இல்லை. நானும் குனிந்தேன்; என் வாயில் வந்தது தமிழ். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அறியாதவரிடம் மன்னிக்க என்ன இருக்கிறது என்று எவருக்கும் தோன்றும். அக்கேள்விக்கு இடம் தராததே இச்சடங்கின் நுட்பம் என்று கருதுகிறேன். செருக்கு எப்போதும் முதலில் ஒரு நீதிமன்றத்தை அமைக்கிறது. பிழை யாருடையது, எவ்வளவு, முதலில் இறங்கி வர வேண்டியவர் யார்? தீர்ப்பு வந்த பிறகே அது குனிய இசையும், அத்தீர்ப்போ வருவதேயில்லை. சுப்கோனோவில் குனிதல் முதலில் நிகழ்ந்துவிடுகிறது. அதுவும் உடலால். 'வணங்கு' என்ற நம் சொல்லுக்கே வளைதல் என்பதுதான் அடிப்படைப் பொருள். உடம்பு வணங்காதவன் என்று சோம்பேறியைச் சொல்கிறோமே, அந்த வணக்கம். சிரியாக் மரபினரின் அன்றாடச் செபத் தொடக்கமாகிய 'கௌமா' என்ற சொல்லுக்கு நிற்றல் என்று பொருள். ஆனால் அதில் மும்முறை குனிய வேண்டும். நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவர்க்கே குனிவதும் பொருளுடையதாகிறது.

மொழியியல் படித்த எனக்கு அச்சொல்லின் வேர் இன்னொன்றையும் காட்டியது. சுப்கோனோவின் வேர் 'ஷ்-ப்-க்'; விடுதல் என்று பொருள். சிலுவையில் இயேசு கதறிய 'சபக்தானி' என்ற சொல்லிலும் அதே வேர்தான். ஏன் கைவிட்டீர் என்ற கதறலும் மன்னிப்பும் ஒரே வேரில் கிளைக்கின்றன. தமிழிலும் அப்படித்தானே: கைவிடுதல், விட்டுக்கொடுத்தல், விடுதலை. எதையேனும் விடாமல் மன்னிக்க இயலாது. தன் பக்க நியாயத்தை விடுவதுதான் இவற்றுள் மிகக் கடினம்; அது பெரும்பாலும் உண்மையான நியாயமாகவே இருப்பதால்.

இங்கேதான் நெருடல். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் யாக்கோபாய சபையும் தேவாலயங்களின் உரிமை குறித்துப் பல்லாண்டுகளாக வழக்காடி வருகின்றன. 2017 சூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் பிணக்கு ஓயவில்லை. இரு தரப்பிலும் சுப்கோனோ உண்டு. ஒரே செப மரபு, ஒரே சிரியாக் சொல். இவர்கள் இவர்களுக்குள் மன்னிப்புக் கேட்கின்றனர், அவர்கள் அவர்களுக்குள். இரு தரப்பிலும் கண்ணீரோடு குனிவோர் உண்டென்பதில் எனக்கு ஐயமில்லை.

தமிழ்நாட்டார் இதைக் கேட்டு நகைக்க வேண்டாம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தைக் கால்சட்டைக் கோயில் என்பார்கள். பலிபீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு, சாதிக்கொன்றாக. நடுவில் தடுப்பு. ஏறக்குறைய 1910இல் அது இடிக்கப்படும்வரை இரு கூடங்களிலும் மக்கள் முழந்தாட்படியிட்டே செபித்தனர். முழங்கால் மடங்கினால் போதும் என்று சொல்ல வருவோர்க்கு நான் காட்டுவது அந்தக் கோயிலைத்தான். மடங்கும் முழங்கால் யாரை நோக்கி மடங்குகிறது என்பது கேட்கப்பட வேண்டும். இறைவன் முன் குனிவது எளிது. அவர் எல்லாரினும் உயர்ந்தவர் என்பதால் அதில் நமக்கு இழப்பில்லை. பக்கத்துக் கூடத்தார் முன் குனிவதில்தான் இழப்பு.

கல்விப்புலமும் அப்படியொரு கூடம்தான். கருத்தரங்குகளில் கேள்வி கேட்பதாகத் தொடங்கித் தம் நூலைப் பற்றிப் பேசி முடிப்போரை நாமெல்லாம் அறிவோம். அதைவிட நுண்ணியது, வழிபாட்டையும் தரவாக மட்டுமே காணும் உயரம். வேரைக் கண்டுபிடித்தவர்க்குக் குனிய வேண்டிய தேவையில்லை என்று அது மெல்லச் சொல்லும். இந்நோன்பில் காலைச் செபத்தின்போது குறிப்பேட்டை அறையிலேயே வைத்துவிட்டுச் செல்கிறேன். நினைவில் நின்றதை மாலையில் எழுதிக்கொள்கிறேன். சில நாள்களில் எதுவும் நிற்பதில்லை.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ உங்கள் ஊர்ச் சபைகளில் நோன்பு தொடங்கும்போது ஒருவர் மற்றவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டா? இருந்தால் அதற்கு என்ன பெயர், கேட்பவர் என்ன சொல்கிறார், கேட்கப்பட்டவர் என்ன மறுமொழி கூறுகிறார் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்தப் பெரியவருக்குச் சொல்ல ஒரு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும்.