மிச்சம் எங்கே போச்சு?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

உங்களில் பலருக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன மாதம் மட்டும் நான்கைந்து பேர் ஒரே சந்தேகத்தை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். "டீச்சர், ரவுண்ட் பண்ணுற கணக்குல எனக்கு ஒரு விடை வருது, பிள்ளைக்கு ஒரு விடை வருது. அஞ்சு வந்தா ஒண்ணு கூட்டு, நாலு வந்தா விட்டுடுன்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க?" என்று. ஆமாம், சொல்லிக் கொடுத்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் இன்னும் சில விஷயங்கள் சொன்னேன். அவை மறந்துபோய், அந்த ஒரு வரி மட்டும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நம் பாடப்புத்தகத்தில் இதற்கு முழுதாக்குதல் என்று பெயர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் மட்டந்தட்டல் என்பார்கள். அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொத்தனார் தரையை மட்டம் தட்டும்போது மேட்டில் இருக்கும் மண் ஓர் இடத்துக்குப் போகும், பள்ளத்துக்கு வேறோர் இடத்திலிருந்து மண் வரும். எண்ணிலும் அப்படித்தான். எதையோ எடுக்கிறோம், அல்லது எதையோ சேர்க்கிறோம்.

நம் பள்ளித் தாழ்வாரம் நினைவிருக்கிறதா? தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் 40, மறுமுனையில் 50 என்று எழுதுவேன். இரண்டும் பஸ் ஸ்டாப். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது, எந்த ஸ்டாப்புக்கு ஓடுவாய் என்று கேட்பேன். 43-இல் நிற்கும் பிள்ளை 40-க்கு ஓடும். 48-இல் நிற்பது 50-க்கு ஓடும். 45-இல் நிற்கும் பிள்ளை மட்டும் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து முழிக்கும். இரண்டும் ஒரே தூரம் அல்லவா? அங்கே மட்டும் நாம் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறோம், முன்னால் இருக்கும் ஸ்டாப்புக்குப் போ என்று. ஆக, முழுதாக்குதல் என்றால் பக்கத்தில் இருப்பதற்குப் போவது. சரிபாதியில் நிற்கும்போது மட்டுமே ஒப்பந்தம் தேவைப்படுகிறது. இதைப் பிள்ளையின் மனத்தில் பதித்துவிட்டால் விதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம்.

அடுத்தது, எந்த இடத்துக்கு முழுதாக்கச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 3,47,862 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துகளுக்கு முழுதாக்கினால் 3,47,860. நூறுகளுக்கு 3,47,900. ஆயிரங்களுக்கு 3,48,000. பத்தாயிரங்களுக்கு 3,50,000. லட்சத்துக்கு 3,00,000. எந்த இடமோ அந்த இலக்கத்தை விரலால் தொட்டுக்கொண்டு, அதற்கு வலப்பக்கம் இருக்கும் ஒரே ஓர் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அது 5 அல்லது அதற்கு மேல் என்றால் தொட்டுக்கொண்டிருக்கும் இலக்கத்தோடு ஒன்று கூட்டு. இல்லையென்றால் அப்படியே விடு. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பூஜ்ஜியம்.

நீங்கள் அனுப்பிய சந்தேகம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளை 3,47,862-ஐ நேராக லட்சத்துக்கு முழுதாக்கியிருக்கிறது. விடை 3 லட்சம். நீங்கள் படிப்படியாகப் போயிருக்கிறீர்கள். முதலில் 3,48,000, பிறகு 3,50,000, அதில் 5 இருக்கிறதே என்று ஒன்று கூட்டி 4 லட்சம்! ஒரே எண்ணுக்கு இரண்டு விடை, நடுவில் ஒரு லட்சம் வித்தியாசம். பிள்ளை செய்ததுதான் சரி. 47,862 என்பது ஐம்பதாயிரத்துக்குக் கீழே. ஏற்கெனவே முழுதாக்கிய எண்ணை மறுபடி முழுதாக்கக் கூடாது. எப்போதும் மூல எண்ணுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து ஒரே ஒரு முறை செய்ய வேண்டும். கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் இருக்கும் கணக்கு என்றால் அவற்றையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் முழுதாக்குங்கள்.

தசம எண்ணுக்கும் இதே முறைதான், புதிதாக எதுவும் இல்லை. 12.3456-ஐ இரண்டு தசம இடங்களுக்கு முழுதாக்கச் சொன்னால், நூறில் ஒன்றாம் இடத்தில் 4, அதற்கு அடுத்து 5. எனவே 12.35. பிள்ளைகள் தடுமாறுவது 9 வரும்போது. 3.996-ஐ இரண்டு இடங்களுக்கு முழுதாக்கினால், 9-உடன் ஒன்று கூட்டப் பத்தாகி, அது இடப்பக்கம் ஏறி, அங்கேயும் 9 பத்தாகி, கடைசியில் 4.00 வருகிறது. இதில் அந்த இரண்டு பூஜ்ஜியத்தையும் அழித்துவிடாதீர்கள். வெறும் 4 என்று எழுதினால் அசல் எண் 3.5-க்கும் 4.5-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். 4.00 என்று எழுதினால் 3.995-க்கும் 4.005-க்கும் நடுவில்தான் இருந்தது என்று படிப்பவருக்குத் தெரியும். எவ்வளவு கவனமாக அளந்தோம் என்பதற்கு அந்தப் பூஜ்ஜியங்கள்தான் சாட்சி.

இனி, விதிப்படி முழுதாக்கவே கூடாத இடங்களும் உண்டு. 112 பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போக வேண்டும். ஒரு பஸ்ஸில் 50 இருக்கை. வகுத்தால் 2.24. விதிப்படி 2 பஸ். மீதி 12 பிள்ளைகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டா போவது? 3 பஸ் வேண்டும். இன்னொன்று. 10 மீட்டர் துணி இருக்கிறது, ஒரு சட்டைக்கு 1.5 மீட்டர். வகுத்தால் 6.67. விதிப்படி 7 சட்டை. தையற்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், 6 சட்டைதான் தைக்க முடியும் என்பார். வேலைக்கு மனு போடும்போதும் அப்படித்தான். தகுதி மதிப்பெண் 50 விழுக்காடு என்று கேட்டிருந்தால், 49.6 எடுத்தவர் தானாகவே 50 என்று நிரப்பக் கூடாது. முழுதாக்க அனுமதி உண்டா என்று அறிவிப்பில் பார்க்க வேண்டும்.

கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பைத்தான் மொழியில் 2.5-ஐ முழுதாக்கச் சொன்னால் 2 வரும், 3.5-ஐச் சொன்னால் 4 வரும். அது பிழை இல்லை. சரிபாதியை எப்போதும் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தால், ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிவிடும். அதனால் சரிபாதி வந்தால் பக்கத்தில் இருக்கும் இரட்டை எண்ணுக்குப் போ என்று வேறோர் ஒப்பந்தம். நம் நாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1960-இல் வெளியிட்ட ஐ.எஸ். 2 என்ற விதிமுறையிலும் இப்படித்தான் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் பள்ளி ஒப்பந்தம், ஆய்வுக்கூடத்தில் அந்த ஒப்பந்தம்.

மிச்சத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் நடந்த ஒரு கதை உண்டு. வான்கூவர் பங்குச் சந்தையில் 1982 ஜனவரியில் ஒரு புதிய குறியீட்டை 1000 புள்ளிகளில் தொடங்கினார்கள். ஒவ்வொரு வியாபாரம் நடக்கும்போதும் கணினி அதைப் புதிதாகக் கணக்கிடும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ மூவாயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் மூன்று தசம இடத்துக்குப் பிறகு வருவதை முழுதாக்காமல் வெட்டிப் போட்டுவிட்டது. வெட்டியது துளியிலும் துளி. ஆனாலும் 1983 நவம்பரில் குறியீடு 524.811-க்கு இறங்கிக் கிடந்தது. சரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது 1098.892 ஆக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது!

இனிமேல் எழுதுவது முக்கியமாக எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. மற்றவர்களும் படிக்கலாம்.

எங்கள் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு ஏக்கர் நிலத்தை அண்ணன், நான், தம்பி மூவருக்கும் சமமாக எழுதிவைக்க நினைத்தார். பத்திரம் எழுதுபவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு ஏக்கர் என்றால் 100 சென்ட். மூன்றால் வகுத்தால் 33.33. "தலைக்கு 33 சென்ட்டுன்னு ரவுண்டா போட்டுடலாங்க" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரிதான். திண்ணையில் உட்கார்ந்து பருப்பு புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "மூணு முப்பத்திமூணு தொண்ணூத்தொம்பதுதானே? மிச்சம் ஒண்ணு எங்கே போச்சு?"

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி என்பதும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு சின்ன வீடு கட்டும் அளவுக்கு இடம் அது என்று தெரியும். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த ஒரு சென்ட்டில் கிணறும் அதற்குப் போகும் தடமும் வரும்படி அளந்து, மூவருக்கும் பொது என்று எழுதச் சொன்னார். அதனால்தான் இன்றுவரை எங்கள் மூன்று வீட்டுக்கும் அந்தக் கிணற்றில் சரிசமமாகப் பாத்தியம் இருக்கிறது. அந்த ஒரு சென்ட்டுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால், என்றைக்காவது அது யாரோ ஒருவருடைய வேலிக்குள் போயிருக்கும். பிறகு தீபாவளிக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போயிருக்க மாட்டோம்.

இப்போது உங்கள் தலைமுறையில் பாகம் பிரிக்கும் பேச்சு வந்திருக்கிறது. நல்லது, பிரித்துக்கொள்ளுங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருப்பதால் "ஒரு ஏக்கர் 40 ஏர்ஸ்" என்று போனவாரம் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு ஏக்கர் 40.47 ஏர்ஸ். அந்த 0.47 ஏர்ஸ் என்பது 47 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 506 சதுர அடி. பேச்சுக்கு நாற்பது என்று சொல்லிக்கொள்ளுங்கள், தப்பில்லை. பத்திரத்தில் மட்டும் தசமத்தோடு எழுதுங்கள். எல்லாப் பாகத்தையும் கூட்டி, மொத்தத்தோடு ஒத்துவருகிறதா என்று சரிபாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் பாட்டி கேட்ட கேள்வியைக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை, அது கணக்குக் கேள்விதான்.

சரி, டீச்சர் பதிவு போட்டால் வீட்டுப்பாடம் இல்லாமலா? பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

1. 2,49,501-ஐ ஆயிரங்களுக்கு முழுதாக்குக. அதே எண்ணை லட்சத்துக்கு முழுதாக்குக.

2. 7.9962-ஐ இரண்டு தசம இடங்களுக்கு முழுதாக்குக.

3. சத்துணவுக் கூடத்தில் 100 பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு முட்டை. ஓர் அட்டையில் 30 முட்டை. எத்தனை அட்டை வாங்க வேண்டும்? எத்தனை முட்டை மிஞ்சும்?

விடைகளைக் கீழே எழுதுங்கள். பிள்ளையின் விடையும் உங்கள் விடையும் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், யாருக்கும் மதிப்பெண் குறைக்க மாட்டேன். மூன்றாவது கணக்கில் மிஞ்சும் முட்டையை என்ன செய்யலாம் என்று யோசித்து எழுதும் பிள்ளைக்கு மட்டும் ஒரு மதிப்பெண் கூடுதல்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்