வலது ஆசனம்



இந்த வாரச் சிந்தனையை விமானவியல் கையேடுகளுக்கு நடுவே அமர்ந்து எழுதுகிறேன். வருகிற வியாழக்கிழமை காலை 8 மணிக்கு, இங்கே டெக்சாஸில், எனக்கு விமானப் பயிற்றுநர் தகுதித் தேர்வு. சிறு விமானம் ஓட்டும் போதகர் என்று நீங்கள் என்னைப் பரிகாசம் செய்வதுண்டு. இப்போது ஓட்டக் கற்பிக்கவும் ஆசைப்பட்டுவிட்டேன்.

எழுத்துத் தேர்வுகள் இரண்டும் முடிந்துவிட்டன. ஒன்று விமானவியல் பற்றியது. மற்றது கற்பித்தலின் அடிப்படைகள் பற்றியது. எஞ்சியிருப்பது தேர்வாளர் முன்னிலையில் பல மணிநேரம் நீளக்கூடிய வாய்மொழித் தேர்வும், அதன்பின் வானில் நடைபெறும் தேர்வும். வானில் நான் அமர வேண்டியது வலது ஆசனத்தில்; இடது ஆசனம் மாணவனுக்குரியது. இத்தனை ஆண்டுகள் இடக்கை பிடித்த கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இப்போது வலக்கை பிடிக்கிறது. ஓடுபாதையின் மையக்கோடுகூட வேறோர் இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. அது பழகிவிடும். பழகாதது வேறொன்று.

சென்ற சனிக்கிழமை என் பயிற்றுநர் மாணவனாக நடித்தார். செஸ்னா 172 விமானத்தில் ‘ஸ்டால்’ நிலையைக் கற்பிக்கும்படி சொன்னார். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுகடந்து போகையில், அது விமானத்தைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடும் நிலை அது. இடது இறக்கை தாழ்ந்தால் மாணவன் இயல்பாகவே சக்கரத்தை வலப்புறம் திருப்புவான். அது தவறு. தாழ்ந்த இறக்கையின் கோணம் அதனால் மேலும் கூடும். விமானம் சுழன்று விழவும் தொடங்கலாம். முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும். பக்கம் திரும்பாதபடி காலடியிலுள்ள ரட்டர் மிதியால் காக்க வேண்டும். இதை நான் ஒழுங்காக, உவமையோடுகூட விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கைகளோ சக்கரத்தை வலப்புறம் திருப்பிக்கொண்டிருந்தன. நான் பார்க்கவில்லை. கடைசியில் அவரே விமானத்தைச் சீர்செய்தார்.

தரையிறங்கியபின் அவர் சொன்னார்: “அழகாகப் பேசினீர்கள், போதகரே. மாணவன் செத்துப்போனான்.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்தது விமானமல்ல. கணவரை அடக்கம்செய்த சில வாரங்களில், ஆராதனை முடிந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்ட நம் சபைச் சகோதரி ஒருவர் நினைவுக்கு வந்தார். அவருக்கு நீண்டதொரு விளக்கம் கொடுத்தேன். அதில் பிழையில்லை என்றே இன்றும் நம்புகிறேன். “சரிங்க ஐயா” என்று சொல்லிப் போனவர் இரண்டு மாதம் வரவில்லை. அவர் கைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்று எனக்கு நினைவில்லை.

கற்பித்தல் கையேட்டில் ஒரு விதி உண்டு: முதலில் கற்றது ஆழமாகப் பதியும், தவறாகப் பதிந்ததை அழிப்பது மிகக் கடினம். மாணவனைக் குறித்த விதி அது. 18 ஆண்டுகளாகப் பிரசங்கிக்கும் எனக்கும் அது பொருந்துகிறது. பேசத் தொடங்கினால் முடிக்கும்வரை நிறுத்துவதில்லை என்பது என் முதல் பாடம்போலும்.

இவ்வாரம் மாலைதோறும் என் மனைவி மாணவியாக அமர்கிறார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நான் நிறுத்தி, அவர் கையைப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. நேற்று மூன்று முறை மறந்தேன். அந்தச் சகோதரியையும் தொலைபேசியில் அழைத்தேன். அவரே பெரும்பாலும் பேசினார்.

வியாழனன்று மேகம் தாழ இறங்கினால் தேர்வு தள்ளிப்போகும். வானம் தெளிந்திருக்க ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.